நகத்தளவு தவளைக் குஞ்சுகள்: சிங்கப்பூரில் பார்த்ததை எப்படி இனங்காண்பது?

மாடித்தோட்டம்_ஈசூன்
ஞாயிறு, காலை 10.20

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் புளோக்குக்குப் பின்பக்கம், சமூகத் தோட்டத்துக்கும் பெரிய கால்வாய்க்கும் நடுவில் ஒரு புல்திட்டு இருக்கிறது. டிசம்பர் மழையில் அதன் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, கொஞ்ச நாள் முன்பு வரை கருப்புத் தலைப்பிரட்டைகள் மொய்த்துக்கொண்டிருந்தன. இன்று செடிகளுக்குத் தண்ணீர் விடப் போனால் நடைபாதை முழுக்கக் கடுகு பொரிகிற மாதிரி ஏதோ தெறிக்கிறது. குனிந்து பார்த்தேன். அத்தனையும் குட்டித் தேரைகளா தவளைகளா தெரியவில்லை. என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னவை.

மூன்று படம் இணைத்திருக்கிறேன். முதல் இரண்டும் நடைபாதையில் எடுத்தவை. மூன்றாவது, தோட்டத்து மக்கிய இலைக் குவியலுக்கு அடியில் இருந்தது. கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆனால் வெளிர் நிறம், பக்கவாட்டில் கருப்புப் பட்டை. கைப்பேசிச் செயலியில் போட்டால் ஒரு படத்துக்கு ஒரு பெயர் சொல்கிறது. எல்லாம் ஒரே இனத்துக் குஞ்சுகளா, வேறு வேறா? எதை வைத்துச் சொல்வது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுங்கள், தோட்டத்துக்கு வரும் பிள்ளைகள் விடாமல் கேட்கிறார்கள்.

பொங்கோல்_காற்று
ஞாயிறு, காலை 10.41

முதல் இரண்டும் தேரைக் குஞ்சு. வெற்றுத்தளத்து விளக்கடியில் நாம் தினமும் பார்க்கிற அதே தேரைதான். மூன்றாவது வேறு.

இரவுநடை
ஞாயிறு, மதியம் 12.05

பொங்கோல்_காற்று சொன்னது சரி. எதனால் சரி என்று விரித்துச் சொல்கிறேன், பிள்ளைகளுக்கும் உதவும்.

படம் 1, 2 இரண்டும் ஆசியத் தேரை, டட்டாஃப்ரைனஸ் மெலனோஸ்டிக்டஸ். வளர்ந்த தேரையை எதை வைத்துக் கண்டுபிடிக்கிறோம்? உடம்பெல்லாம் மரு, கண்ணைச் சுற்றிக் கருப்பு வரம்பு, கண்ணுக்குப் பின்னால் புடைத்த நச்சுச் சுரப்பி. அப்போதுதான் வாலை இழந்து கரையேறிய குஞ்சிடம் இதில் ஒன்றுகூடச் சரியாகத் தெரியாது. செவிப்பறையும் மங்கல்தான். பெரிய தேரையைச் சுருக்கினால் குஞ்சு வரும் என்று எதிர்பார்த்தால் எல்லாரும் தடுமாறுவோம், செயலியும் தடுமாறும்.

குஞ்சிடம் பார்க்க வேண்டியதே வேறு. முதல் படத்தைப் பெரிதாக்குங்கள். முகவாய் கூர்மையாக இல்லை, மொட்டையாக முடிகிறது. முன்னங்கால் விரல்களுக்கு நடுவே சவ்வு கிடையாது. விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் வட்டும் கிடையாது. பின்னங்கால் குட்டை, அதனால்தான் நீளத் தாவாமல் தத்தித் தத்திப் போகிறது, நடுவில் நடக்கவும் செய்கிறது. இரண்டாவது படத்தில் ஒன்று செங்கல்மேல் ஏறுவதால் அதன் தொண்டை தெரிகிறது. மோவாய்க்கும் மார்புக்கும் இடையில் ஒரு கருப்புப் பட்டை இருக்கிறது, பாருங்கள். இந்தத் தேரையின் இளங்குஞ்சுகளில் பெரும்பாலும் காணும் அடையாளம் அது. மேலிருந்து மட்டும் எடுத்த படத்தில் இது கிடைக்காது.

அப்புறம், நீங்கள் தலைப்பிரட்டைகளைப் பார்த்து வைத்திருந்தது பாதி வேலையை முடித்துவிட்டது. இந்தத் தேரை முட்டைகளை நீண்ட வழவழப்பான சரமாக இடும், ஒரு ஜோடியே ஆயிரக்கணக்கில் இடும். தலைப்பிரட்டை சின்னதாக, கன்னங்கரேலென்று, ஆழமில்லாத தண்ணீரில் கூட்டமாகத் திரியும். நல்ல மழை பெய்த ஓர் இரவில் பல ஜோடிகள் சேர்ந்து இடுவதால் சில வாரம் கழித்து எல்லாமே ஏறக்குறைய ஒரே நேரத்தில் கரையேறும். உங்கள் நடைபாதையில் நடந்தது அதுதான்.

படம் 3 மைக்ரோஹைலா என்ற சின்னத் தவளை வகை. முகவாயில் தொடங்கிக் கண் வழியாகத் தொடை இடுக்கு வரை ஓடும் அகலமான கரும்பட்டை. முதுகு வெளிர், நட்டநடுவே ஊசிக்கோடு போல ஒரு மெல்லிய வெள்ளை வரி. அந்த வரியின் இரு பக்கமும் அடைப்புக்குறி மாதிரி ஒரு குட்டிக் கருப்புக் குறி தெரிகிறதா? தெரிந்தால் மைக்ரோஹைலா ஹேமோன்சி. நம் தோட்டங்களிலும் பூங்காக்களிலும் நிறையவே உண்டு.

மாடித்தோட்டம்_ஈசூன்
ஞாயிறு, மதியம் 1.30

மிக்க நன்றி. பெரிதாக்கினால் வெள்ளை வரி தெரிகிறது, அடைப்புக்குறி தெரியவில்லை. இலைத்துணுக்கு ஒட்டியிருக்கிறது. இன்னொரு கேள்வி: இந்த மூன்றாவது குஞ்சா, இல்லை அதன் முழு வளர்ச்சியே அவ்வளவுதானா?

இரவுநடை
ஞாயிறு, மதியம் 2.15

இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான். சின்னதாக இருந்தால் குஞ்சு என்று முடிவுகட்டிவிடுவதுதான், எந்த இனம் எங்கே இருக்கிறது என்று நாம் ஏற்றும் பல பதிவுகளைக் கெடுக்கிறது. மைக்ரோஹைலா ஹேமோன்சி முழுதாக வளர்ந்தாலே சுமார் இரண்டரை சென்டிமீட்டர். மைக்ரோஹைலா பட்லெரியும் அதே அளவுதான், அதற்கு முதுகில் வெளிர் ஓரமிட்ட பழுப்புத் திட்டு இருக்கும். சரவாக்கில் குடுவைத் தாவரங்களுக்குள் முட்டையிடும் ஒரு மைக்ரோஹைலா உண்டு. அதன் வளர்ந்த ஆணே 13 மில்லிமீட்டரைத் தாண்டாது. அருங்காட்சியகங்களில் இருந்த அதன் பழைய மாதிரிகளை முன்பு பார்த்தவர்கள் வேறு இனத்துக் குஞ்சு என்று நினைத்து விட்டிருக்கலாம்.

நேர்மாறாகவும் உண்டு. கிராஞ்சிப் பக்கம் பண்ணையில் வளர்க்கும் அமெரிக்கத் தவளையின் தலைப்பிரட்டை பத்து சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். கரையேறும் குஞ்சே நம் மைக்ரோஹைலாவின் முழு வளர்ச்சியைவிடப் பெரியது. ஆனால் உள்ளங்கை நிறைய உட்காரும் ஆசியத் தேரைக்குக் குஞ்சு ஒரு சென்டிமீட்டர்தான். தாயின் அளவை வைத்துக் குஞ்சின் அளவை ஊகிக்கவே முடியாது.

குஞ்சா என்று தெரிய உடம்பிலேயே சாட்சி தேடுங்கள். பின்பக்கம் வாலின் மிச்சம் குச்சிபோல நீட்டிக்கொண்டிருந்தால் சந்தேகமே இல்லை, குஞ்சு. வயிற்றுத் தோல் வழியாக முட்டைகள் தெரிந்தால் வளர்ந்த பெண். எல்லாவற்றையும்விட நல்ல சாட்சி குரல். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், குஞ்சுக்குக் கத்தத் தெரியாது. நகத்தளவு இருக்கிற ஒன்று தொண்டைப் பையை உப்பிக்கொண்டு கத்தினால் அது வளர்ந்த ஆண், அவ்வளவுதான்.

உங்கள் படத்தில் வாலில்லை, அளவுகோலும் இல்லை. அடுத்த முறை பக்கத்தில் பத்துக் காசை வைத்து எடுங்கள். இப்போதைய பத்துக் காசின் விட்டம் 18.5 மில்லிமீட்டர், ஐந்து காசு 16.75. தவளைமேல் படாமல் ஒரு விரல் தள்ளி வைத்தாலே போதும்.

உபின்_சைக்கிள்
ஞாயிறு, மாலை 5.48

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். புலாவ் உபினில் அலையாத்தி மரங்களுக்குப் பக்கத்துச் சேற்றில் எடுத்த படம் இது. பழுப்பு நிறம், முதுகில் நீளவாக்கில் சின்னச் சின்ன மடிப்பு, உதட்டில் பட்டை பட்டையாகக் கருப்பு, மூக்கு கூர். கிட்டப் போனதும் ஒரே தாவலில் காணாமல் போய்விட்டது. சுமார் 2 செ.மீ. தேரை இல்லை என்று மட்டும் தெரிகிறது.

இரவுநடை
ஞாயிறு, மாலை 6.30

அருமையான படம், பின்னங்கால் விரித்தபடி கிடைத்திருக்கிறது. இது ஃபெயர்வார்யா என்ற தவளை வகை. இங்கே இரண்டு பேர் போட்டியில் இருக்கிறார்கள். புல்வெளி, கால்வாய், வயல் மாதிரியான இடங்களில் இருக்கும் லிம்னோகாரிஸ். இன்னொன்று நண்டு தின்னும் தவளை, கான்கிரிவோரா. உப்புத் தண்ணீரைத் தாங்கும் தவளை உலகிலேயே மிகக் குறைவு, கான்கிரிவோரா அதில் ஒன்று. அதன் தலைப்பிரட்டையும் உப்புக் கலந்த நீரில் வளரும்.

வளர்ந்தவை என்றால் கான்கிரிவோரா நல்ல பெரிய உடம்பு, குழப்பமில்லை. 2 செ.மீ. பருவத்தில் முதுகையும் நிறத்தையும் பார்த்துப் பிரிக்க முயன்றால் தலைதான் வலிக்கும். பின்னங்கால் சவ்வைப் பாருங்கள். லிம்னோகாரிஸுக்கு விரல்களில் பாதியளவே சவ்வு. கான்கிரிவோராவுக்கு ஏறக்குறைய நுனி வரை போகும். உங்கள் படத்தில் நாலாவது விரலைத் தவிர மற்றதெல்லாம் நுனி கிட்ட வரை சவ்வு தெரிகிறது. இடமும் அலையாத்திச் சேறு. நான் கான்கிரிவோரா என்றே பதிவேன். சுங்கை பூலோவின் மரப்பாதையில் இரவில் நடக்க வாய்ப்புக் கிடைத்தால் பெரியதையும் பார்க்கலாம்.

தமிழ்_டீச்சர்
ஞாயிறு, இரவு 8.10

பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு அட்டவணை போடலாமா? பச்சை என்றால் இது, பழுப்பு என்றால் இது, கருப்பு என்றால் இது என்று. படத்தோடு ஒட்டிவைத்தால் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

பொங்கோல்_காற்று
ஞாயிறு, இரவு 8.22

நிறத்தை முதல் பத்தியாக வைக்காதீர்கள் டீச்சர். ஒரே நாலுகோட்டு மரத்தவளை பகலில் வெளிறி, இரவில் கருத்துத் தெரியும். கோடே இல்லாததும் உண்டு. ஈரமா காய்ந்ததா என்பதை வைத்தும் மாறும். குஞ்சுப் பருவத்தில் இன்னும் மோசம்.

இரவுநடை
ஞாயிறு, இரவு 8.55

நானும் அதைத்தான் சொல்வேன். அட்டவணை நல்ல யோசனை, வரிசையை மட்டும் மாற்றுங்கள். எங்கே இருந்தது, பக்கத்தில் எந்தத் தண்ணீர், விரல் நுனி எப்படி, எப்படி நகர்ந்தது என்பவை முன்னால் வரட்டும். நிறத்துக்குக் கடைசி இடம் போதும்.

மரத்தவளையையே எடுத்துக்கொள்வோம், பாலிபிடேட்டஸ் லூக்கோமிஸ்டாக்ஸ். தண்ணீருக்கு மேலே இலையிலோ சுவரிலோ நுரைக் கூடு கட்டி அதற்குள் முட்டையிடும். அந்தத் தலைப்பிரட்டைக்கு மூக்கு நுனியில் வெள்ளிப் பொட்டு ஒன்று உண்டு, மேலிருந்து பார்த்தாலே மின்னும். மீன் இல்லாத அலங்காரத் தொட்டியில் பிள்ளைகள் சுலபமாகப் பார்க்கலாம். கரையேறிய குஞ்சுக்கு விரல் நுனியில் வட்டு இருக்கும், செங்குத்தான சுவரில் ஏறும். வட்டு இருக்கிறதா இல்லையா என்ற ஒரு கேள்வியே இதைத் தேரைக் குஞ்சிடமிருந்து பிரித்துவிடும். அதற்கு நிறமே வேண்டாம்.

மைக்ரோஹைலா ஹேமோன்சியின் தலைப்பிரட்டையும் பார்க்க வேண்டியது. உடம்பு கண்ணாடி மாதிரித் தெளிவு, வாய் மேல்நோக்கிப் புனலாக விரிந்திருக்கும். நீர்ப்பரப்பின் அடியில் தொங்கிக்கொண்டே மேலே மிதப்பதைச் சாப்பிடும். கரும் கூட்டமாகத் தரையில் மேயும் தேரைத் தலைப்பிரட்டைக்கு நேர் எதிர்.

நிறம் ஒரேயடியாகக் கைகொடுக்கும் இனமும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. காட்டில் மரப்பொந்துத் தண்ணீரில் வளரும் நிக்டிக்ஸாலஸ் பிக்டஸ், செம்பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி தெளித்திருக்கும். அதைப் பார்த்தவர் மறக்கமாட்டார். ஆனால் அது விதிவிலக்கு.

நர்சரி_தம்பி
ஞாயிறு, இரவு 10.37

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் வணக்கம். நான் செடி நர்சரியில் வேலை செய்கிறேன், ஊர் புதுக்கோட்டைப் பக்கம். தொட்டிகளைத் தூக்கும்போது அடியிலிருந்து ரொம்பக் குட்டியான செம்பழுப்புத் தவளைகள் ஓடும். சிலது அரை சென்டிமீட்டர்தான் இருக்கும், உண்மையாகச் சொல்கிறேன். எங்களிடம் குளம் இல்லை, தேங்கிய தண்ணீரும் கிடையாது. கொசு ஆய்வு வருவதால் முதலாளி சொட்டுத் தண்ணீர் தேங்க விடமாட்டார். அப்போது இதெல்லாம் எங்கிருந்து வருகிறது? தலைப்பிரட்டையை நான் இங்கே பார்த்ததே இல்லை.

இரவுநடை
திங்கள், காலை 7.05

தம்பி, நீங்கள் கவனித்த விதம் ரொம்பச் சரி. தண்ணீர் இல்லை, தலைப்பிரட்டை இல்லை, ஆனால் அரை சென்டிமீட்டரில் முழுத் தவளை. இதுவே பதிலைச் சொல்லிவிடுகிறது. எலியூதரோடாக்டிலஸ் பிளானிராஸ்ட்ரிஸ் என்ற கரீபியன் தீவுத் தவளையாக இருக்க வாய்ப்பு அதிகம். கியூபாப் பக்கத்துப் பூர்வீகம். தொட்டிச் செடிகளோடு மண்ணில் ஒளிந்து உலகம் முழுக்கப் பயணம் போய்விட்டது, சிங்கப்பூரிலும் பதிவாகியிருக்கிறது. அதற்குத் தலைப்பிரட்டைப் பருவமே வெளியில் கிடையாது. ஈர மண்ணில் இடும் முட்டைக்குள்ளேயே எல்லாம் முடிந்து, பொரிக்கும்போதே நாலு காலோடு தவளையாக வரும்.

விரல்களுக்கு நடுவே சவ்வே இருக்காது, நுனியில் சிறிய வட்டு இருக்கும். முடிந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு உறுதியாகச் சொல்லலாம். நர்சரியிலிருந்து செடி வெளியே போகும்போது இவையும் போகும். உங்கள் மாதிரி தொட்டியைத் தூக்குகிறவர்கள் பார்த்துச் சொன்னால்தான் எங்கே பரவியிருக்கிறது என்பதே தெரியும். அதனால் இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள்.

நர்சரி_தம்பி
திங்கள், காலை 7.20

சரிண்ணே. கண்டிப்பாக எடுக்கிறேன்.

இரண்டு_பிள்ளை_அம்மா
திங்கள், காலை 9.50

என் மகனுக்கு இதைப் படித்துக் காட்டினேன். இப்போது கால்வாய்ப் பக்கத்தில் நாலைந்து குஞ்சு பிடித்து, போத்தலில் போட்டு வளர்த்து, என்ன இனமென்று பார்க்கலாம் என்கிறான். பெரியதானதும் விட்டுவிடுவோமாம். செய்யலாமா?

பழைய_செம்பவாங்
திங்கள், காலை 10.30

நாங்கள் செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள். கம்போங் பக்கம் ஜாம் போத்தலில் தலைப்பிரட்டை வளர்க்காத பையன் கிடையாது அம்மா. பாட்டிதான் சத்தம் போடுவார், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தேரை கூடாது, குழந்தை தேறாது என்று. அதெல்லாம் அந்தக் கால நம்பிக்கை. பையன் ஆசைப்படுகிறான், வளர்க்கட்டுமே.

இரவுநடை
திங்கள், காலை 11.15

ஐயா, உங்கள் காலத்துக் கதையைத் தனி இழையாகவே எழுதுங்கள், ஆசையாகப் படிப்போம். ஆனால் இப்போது பிடித்து வளர்ப்பதற்குச் சட்டம் இடம் தராது. 2020ல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்திக் கடுமையாக்கினார்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியில்லாமல் காட்டுயிரைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். கொண்டுபோய் விடுவதும் குற்றம்தான். விசாக தினத்தையொட்டி, புண்ணியம் என்று நினைத்து விலங்குகளை விடாதீர்கள் எனக் கழகமும் தொண்டூழியர்களும் சொல்லிவருவதை எல்லாரும் பார்த்திருப்போம்.

சட்டத்தை விட்டாலும், குஞ்சின் பக்கம் நின்று பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் உடம்பு, அதில் தோல் வழியாகத்தான் பாதி மூச்சு. வெயில் பட்ட போத்தலில் சீக்கிரமே காய்ந்துவிடும். அதற்கு இரை கண்ணுக்கே தெரியாத அளவுப் பூச்சிகள், எறும்பு, கறையான் குட்டிகள். வீட்டில் கொடுக்க முடியாது, பட்டினியில் செத்துப்போகும். அப்புறம் நாமெல்லாம் வெளியே கிளம்பும்போது கையில் கொசு விரட்டி தெளித்துக்கொள்கிறோம். அந்தக் கையால் தொட்டால் மருந்து அப்படியே தோலுக்குள் இறங்கும். ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்கு மாற்றினால் தோல் பூஞ்சை நோயையும் கூடவே மாற்றுகிறோம். உலகம் முழுக்கப் பல தவளை இனங்களை அழித்த நோய் அது.

மகனுக்கு வேறு வேலை கொடுங்கள் அக்கா. அதே கால்வாய் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, தொடாமல், மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், கால் தெரிய ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கால் தெரிய எடுப்பதுதான் கஷ்டம், அதற்கு முகத்தைத் தரைக்குக் கொண்டுபோக வேண்டும். சில வாரம் கழித்து அதே இடத்துக்கு மறுபடி போகச் சொல்லுங்கள். மரு முளைத்ததா, கண் வரம்பு கருத்ததா என்று அவனே ஒப்பிட்டுப் பார்ப்பான்.

பழைய_செம்பவாங்
திங்கள், காலை 11.40

சட்டம் அப்படியென்றால் சரிதான் தம்பி. ஒரு சந்தேகம். தேரைக்கு விஷம் என்பதும் நம்பிக்கைதானா, உண்மையா? என் மகள் வீட்டு நாய் ஒருமுறை கவ்விவிட்டு வாயெல்லாம் நுரை தள்ளியது.

இரவுநடை
திங்கள், மதியம் 12.10

அது உண்மைதான் ஐயா. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியில் இருந்து வெள்ளைப் பால் மாதிரி நச்சு வரும். முட்டையிலும் தலைப்பிரட்டையிலும்கூட நச்சு உண்டு. நாய் கவ்வினால் வாயைத் துடைத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். மனிதர்களுக்குத் தொட்டதால் மரு வராது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தேய்த்தால்தான் எரியும்.

பதின்மூன்றாம்_மாடி
திங்கள், மாலை 6.25

எங்கள் வட்டாரத்தில் இந்தக் குஞ்சுகள் நடைபாதைக்கு வந்த அன்றே புல்வெட்டும் இயந்திரம் வந்துவிட்டது. குத்தகைக்காரர் ஆட்களிடம் போய்ப் பேசினேன். அட்டவணைப்படி வெட்டியாக வேண்டும் என்றார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, வெயிலில் நின்று வேலை செய்கிறவர்கள். ஆனால் மறுநாள் அந்த இடத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. கேட்டால் அண்டை வீட்டுக்காரர் ஒருவர், தேரை வந்தால் டெங்கியும் வரும், ஒழிந்தது நல்லதுதான் என்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வது?

பொங்கோல்_காற்று
திங்கள், மாலை 6.50

டெங்கிக் கொசு தேரையால் வருவதில்லை. பூத்தொட்டித் தட்டு, வாளி, கூரைத் தகரம் என்று சுத்தமான தேங்கிய நீரில்தான் ஏடிஸ் முட்டையிடும். தேரை வந்து கொசுவை ஒழித்துவிடும் என்று எதிர்வாதம் செய்யவும் வேண்டாம். அதன் வயிற்றில் அதிகம் இருப்பது எறும்பும் கறையானும். இரண்டு பக்கமும் பொய் சொல்லாமல் பேசினால்தான் அண்டை வீட்டுக்காரர் காது கொடுப்பார்.

புல்வெட்டு பற்றி: மழை நின்று குஞ்சு கரையேறும் காலம் வருஷத்தில் கொஞ்ச நாள்தான். நகர மன்றத்துக்குப் படத்தோடு எழுதி, கால்வாயோரம் ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் அடுத்த சுற்றுக்குத் தள்ளிப்போட்டு வெட்டச் சொல்லலாம். முழுப் புல்வெளியையும் விடச் சொன்னால் கேட்கமாட்டார்கள்.

மலையேறி
திங்கள், இரவு 9.15

என் படத்தையும் கொஞ்சம் பார்க்க முடியுமா? மெக்ரிட்ச்சியில் காட்டுப் பாதையோரம் இரவு வழிகாட்டி நடையின்போது எடுத்தது. முழங்கால் உயரச் செடியின் இலைமேல் உட்கார்ந்திருந்தது. தேரைக் குஞ்சு என்றுதான் கூட வந்தவர் சொன்னார். உடம்பு 15 மி.மீ. இருக்கலாம். முதுகில் பெருக்கல் குறி மாதிரி கருப்பு. எனக்கு உறுத்தலாக இருந்தது, ஏனென்றால் ஒருவித கீச்சுச் சத்தம் அதனிடமிருந்துதான் வந்த மாதிரி இருந்தது.

பொங்கோல்_காற்று
திங்கள், இரவு 9.21

இரவுநடை எங்கே? சீக்கிரம் வாருங்கள்.

இரவுநடை
திங்கள், இரவு 10.02

மலையேறி, உங்களுக்கு உறுத்தியது நியாயமான உறுத்தல். இது ஆசியத் தேரையின் குஞ்சு இல்லை. பெலோஃப்ரைன் சிக்னாட்டா, வளர்ந்தாலே சுமார் 2 சென்டிமீட்டர்தான் வரும் குறுந்தேரை.

முதலாவது, இடம். ஆசியத் தேரை மனிதனை ஒட்டி வாழ்வது. புல்வெளி, கால்வாய், வாகன நிறுத்துமிடம் என்று எங்கும் இருக்கும், அடர்காட்டுக்குள் அரிது. உங்கள் மெக்ரிட்ச்சிப் படம் மத்திய நீர்ப்பிடிப்பு வனத்தின் உள்பாதை. அடுத்தது, இலை. கரையேறிய ஆசியத் தேரைக் குஞ்சு தரையில் ஈரம் தேடி அலையும், முழங்கால் உயர இலையில் ஏறி உட்கார்வது அதன் வழக்கமில்லை. குறுந்தேரை இரவில் இப்படித் தாழ்ந்த செடிகளின் இலைமேல்தான் இருக்கும். முதுகில் பெருக்கல் குறி இருக்கிறது. விரல் நுனிகளைப் பாருங்கள், சற்று அகன்று மழுங்கி முடிகின்றன, ஈசூன் படத்தில் போல மெலிந்து முடியவில்லை. கத்தியது இதுதான் என்றால் மேலே சொன்ன கணக்குப்படி வளர்ந்த ஆண், வேறு பேச்சே இல்லை.

இது முட்டையிடுவதும் அபாரம். இலைக்கக்கத்தில் தேங்கிய துளித் தண்ணீர் போதும். தலைப்பிரட்டை வெளியிரை தின்னாமல், முட்டையில் கிடைத்த மஞ்சள்கருவை வைத்தே வளர்ந்துவிடும். அதனால் இதற்குக் குளமோ ஓடையோ வேண்டாம், ஆனால் ஈரம் காயாத காடு வேண்டும். காட்டோரம் திறந்து வெயில் உள்ளே விழுந்தால் முதலில் காய்வது அந்தத் துளிதான். ஒரு தேரைக் குஞ்சு என்று பதிந்துவிட்டுப் போயிருந்தால் இங்கே இது இருந்ததே கணக்கில் வராமல் போயிருக்கும். அதனால்தான் பெயர் விஷயத்தில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

பதிவேற்றும்போது துல்லியமான இடத்தைப் பொதுவில் காட்டாதீர்கள். படத்துக்காக ஆட்கள் பாதையை விட்டு இறங்கினால் அந்த இலைத்தழைதான் மிதிபடும்.

மலையேறி
திங்கள், இரவு 10.30

கை நடுங்குகிறது. இடத்தை மறைத்தே போடுகிறேன். நன்றி.

தமிழ்_டீச்சர்
செவ்வாய், காலை 6.40

இரவுநடை, ஒரு கேள்வி. பிள்ளைகளுக்கு ஒரு பெயர் கிடைக்காவிட்டால் சோர்ந்துபோவார்கள். தெரியாவிட்டால் என்ன எழுதச் சொல்வது?

இரவுநடை
செவ்வாய், காலை 7.30

தெரிந்த அளவுக்கு எழுதச் சொல்லுங்கள் டீச்சர். "மைக்ரோஹைலா, இனம் தெரியவில்லை, இலைக் குவியல், ஈசூன், மழைக்கு மறுநாள்" என்று எழுதியது முழுப் பதிவு. ஊகத்தில் முழுப்பெயர் எழுதியதைப் பின்னால் வருகிறவர் நம்பிவிடுவார், அதைத் திருத்துவது பெரும்பாடு. இடம், நாள், அளவு, கால் தெரியும் படம் இருந்தால் பெயரை யாராவது பிற்பாடு சேர்த்துக்கொள்வார்கள். படமில்லாத பெயரை மட்டும் யாராலும் சரிபார்க்க முடியாது.

நர்சரி_தம்பி
செவ்வாய், மதியம் 12.48

அண்ணே, சாப்பாட்டு நேரத்தில் எடுத்தேன். பத்துக் காசு பக்கத்தில் வைத்திருக்கிறேன். காசில் பாதிகூட இல்லை. கால் தெரிகிற மாதிரி ஒன்று இருக்கிறது, சவ்வு இல்லை. நுனியில் குட்டி வட்டு இருக்கிறது.

இரவுநடை
செவ்வாய், மதியம் 1.10

எலியூதரோடாக்டிலஸ்தான் தம்பி. இவ்வளவு தெளிவான கால் படம் எனக்கே கிடைத்ததில்லை. உங்கள் பெயரிலேயே பதிவேற்றுங்கள். முதலாளியிடமும் சொல்லுங்கள், வெளியே போகும் தொட்டிகளின் அடியைப் பார்த்து அனுப்பினால் நல்லது.

மாடித்தோட்டம்_ஈசூன்
செவ்வாய், இரவு 8.35

இன்று மாலை மறுபடி இலைக் குவியலைப் பார்த்தேன். கிளறவில்லை, ஓரத்தில் விளக்கடித்து மட்டும் பார்த்தேன். அதே மாதிரி இரண்டு இருந்தன. ஒன்றின் முதுகில் வெள்ளை வரியின் இரு பக்கமும் அடைப்புக்குறி தெளிவாக இருக்கிறது, அதை ஹேமோன்சி என்று போட்டுவிட்டேன். இன்னொன்றுக்கு வால் மிச்சம் ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது, முதுகுக் குறி மங்கல். அதை மைக்ரோஹைலா குஞ்சு என்ற அளவில் நிறுத்திக்கொண்டேன்.

நடைபாதைத் தேரைக் குஞ்சுகள் பாதிக்கு மேல் புல்லுக்குள் போய்விட்டன. நகர மன்றத்துக்குப் படத்தோடு எழுதியிருக்கிறேன், கால்வாயோரம் மட்டும் ஒரு சுற்றுத் தள்ளி வெட்டச் சொல்லி. பதில் வந்ததும் இங்கே போடுகிறேன். பதின்மூன்றாம்_மாடி, அந்தக் கடிதத்தின் நகல் வேண்டுமானால் சொல்லுங்கள், உங்கள் வட்டாரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.